கக்குவானைத் தடுத்த ஊசி: கிராண்ட் ராப்பிட்ஸ் முதல் திருமணி வரை

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களில் அன்று காலை முழுக்கக் கைக்குழந்தைகளின் அழுகுரல்தான். தேவனேரி, கொக்கிலமேடு குப்பங்களிலிருந்து வருபவர்கள், சிற்பக்கூடங்களில் கல் செதுக்குபவர்களின் வீட்டுப் பெண்கள், மாமியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரும் இளம் தாய்மார்கள் என எல்லார் கையிலும் அந்த அட்டை இருக்கும். ஆறு வாரப் பிள்ளையின் தொடையில் அரை மில்லி மருந்து ஏறும். செவிலியர்கள் ‘பென்டா’ என்று சொல்லும் அந்த ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்துத் தடுப்பு. “ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீங்கம்மா, மருந்து குடுத்திருக்கேன்” என்று செவிலியர் சொல்லி அனுப்புவார்.

அந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ஐந்தில் ஒன்றான கக்குவான் மருந்துதான். அந்தக் காய்ச்சலையும் அதைச் சுற்றி எழுந்த அச்சத்தையும் காரணமாக வைத்துச் செல்வ நாடுகள் ஒரு காலத்தில் இந்த ஊசியைக் கைவிட்டன. கைவிட்டதற்குக் குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்தன. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்குள் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கதை நினைவுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்றைய பெற்றோரில் பலர் கக்குவானைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் வாரம், பத்து நாள் சாதாரணச் சளி போலத்தான் இருக்கும். பிறகு இருமல் அடுக்கடுக்காக வரும். ஒரு இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்க இடமிருக்காது. முகம் சிவந்து, நீலம் பாரித்து, கடைசியில் குழந்தை காற்றை இழுக்கும்போது கூவல் போல ஒரு ஓசை எழும். உடனே வாந்தி. தின்றது எதுவும் உடம்பில் தங்காது. இருமிய வேகத்தில் கண்வெள்ளையில் ரத்தம் கட்டிவிடும். இரவில் இன்னும் மோசம். இப்படி ஆறு வாரமும் போகலாம், மூன்று மாதமும் போகலாம். இரண்டு மூன்று மாதமே ஆன சிசுவுக்கு அந்தக் கூவல்கூட வராது, மூச்சே நின்றுவிடும். கக்குவானால் இறப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக்காரர்கள்தான்.

கிருமி மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்களில் ஒட்டிக்கொள்கிறது. சளியை மேலே தள்ளிவிடுவது அந்த மயிர்களின் வேலை. கிருமி கக்கும் நச்சு அவற்றை முடக்கிவிடுகிறது. எனவே இருமல் முற்றிய பிறகு மருந்து கொடுத்துக் கிருமியைக் கொன்றாலும் இருமல் உடனே நிற்காது, அடுத்தவருக்குப் பரவுவது மட்டும் குறையும். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 17 பேருக்கு இதைத் தந்துவிடுவார். வந்தபின் வைத்தியம் பார்ப்பதில் பயன் குறைவு, வருமுன் தடுப்பதுதான் வழி என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்தது இதனால்தான்.

1578இல் பாரிஸ் நகரக் குழந்தைகளை ஒரு கொள்ளை இருமல் வாட்டியதை கியோம் த பையூ என்ற மருத்துவர் எழுதிவைத்தார். கக்குவானைப் பற்றிய முதல் தெளிவான விவரிப்பு அதுதான் என்பார்கள். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் காரணம் தெரியவில்லை. 1900இல் ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பெல்ஜிய விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே, அதில் குட்டையான, முட்டை வடிவக் கிருமிகளைக் கண்டார். கண்டாரே ஒழிய வளர்க்க முடியவில்லை. வழக்கமான ஊட்டக் கலவைகள் எதிலும் அது முளைக்க மறுத்தது. அவரும் மைத்துனர் ஆக்டேவ் ஜெங்குவும் உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், ரத்தம் மூன்றையும் கலந்து புதிய ஊட்டம் ஒன்றைச் செய்து, 1906இல் பிரஸ்ஸல்ஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அதை வளர்த்துக் காட்டினார்கள். கிருமிக்கு ‘போர்டெடெல்லா பெர்டுசிஸ்’ என்ற பெயர் போர்டேயிடமிருந்தே வந்தது.

கிருமி கைக்கு வந்ததும் அதைக் கொன்று ஊசியாகப் போட்டுப் பார்க்கும் ஆசை பல ஊர்களில் பிறந்தது. ஆளாளுக்கு ஒரு தயாரிப்பு. எதிலும் அளவு இல்லை, தரம் இல்லை, ஒப்பீட்டுக்கு ஊசி போடாத குழந்தைகளின் கணக்கும் இல்லை. கொஞ்சம் நம்பிக்கை தந்தது டென்மார்க்கின் தோர்வால்ட் மாட்சன் செய்த சோதனை. வட அட்லாண்டிக்கில் மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் ஃபாரோ தீவுகளில் 1920களில் இரண்டு முறை கக்குவான் பரவியபோது அவர் அங்கே ஊசி போட்டார். நோய் முற்றிலும் தடுக்கப்படவில்லை, ஆனால் அதன் கடுமை குறைந்தது, சாவும் குறைந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் இரண்டு சிசுக்கள் இறந்ததையும் 1933இல் அவரே பதிவு செய்தார். தடுப்பூசிக்கு எதிரான அச்சமும் அங்கேயே முளைவிட்டுவிட்டது. இதற்கிடையில் 1931இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், அதுவரை சந்தையில் இருந்த கக்குவான் ஊசிகளால் பயன் இருப்பதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லி, அவற்றைத் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது.

ஊசி உண்மையில் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நாற்காலி மேசை செய்யும் தொழிலுக்குப் பெயர்போன கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரின் ஒரு சிறிய அரசு ஆய்வகத்தில்.

அங்கே வேலை பார்த்தவர்கள் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண்கள். இருவருமே முன்னாள் பள்ளி ஆசிரியைகள். சிறு வயதில் கக்குவான் வந்து பிழைத்தவர்கள், கென்ட்ரிக்குக்கு மூன்று வயதில், எல்டரிங்குக்கு ஐந்து வயதில். குடிநீர், பால் மாதிரிகளைச் சோதிப்பதும் நோய் மாதிரிகளைப் பார்ப்பதும்தான் அவர்களுக்குச் சம்பளம் தந்த வேலை. 1932 நவம்பரில் ஊரில் கக்குவான் பரவத் தொடங்கியது. அதை ஆராய மேலிடத்தில் அனுமதி கேட்டார் கென்ட்ரிக். பணம் கிடைக்கவில்லை, அனுமதி மட்டும் கிடைத்தது. பகலில் அலுவலக வேலையை முடித்துவிட்டு, மாலையில் இருவரும் நோயுள்ள வீடுகளைத் தேடிப் போனார்கள்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை போன குடும்பங்கள். பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே, ஊட்டக் கலவை பூசிய கண்ணாடித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தை அதன்மேல் இருமும். தட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் நோய் உறுதி. குழந்தை தேறிவரும் நாட்களில் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் அதே சோதனையைச் செய்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் மூன்று நான்கு வாரம்வரை கிருமியைப் பரப்புகிறார்கள், ஐந்து வாரத்துக்குப் பிறகு பரப்புவதில்லை என்று இந்தத் தட்டுகள் சொல்லின. நோயாளியை எத்தனை நாள் வீட்டோடு வைப்பது என்ற பொதுச் சுகாதார விதியே அதிலிருந்து உருவானது.

தடுப்பூசிக் கதையில் என்னை அதிகம் பாதித்த பகுதி இந்த மாலை நேர நடைதான். அந்த வீடுகளின் தாய்மார்கள் கதவைத் திறந்திராவிட்டால், இருமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒத்துழைத்திராவிட்டால், இந்த மருந்து பிறந்திருக்காது. நம் ஊரில் வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். அவர்களுக்கு நாம் தரும் மதிப்பு போதாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வளர்த்த கிருமியைத் தேர்ந்தெடுத்து, மெர்த்தியோலேட் கலந்து கொன்று, குளிரில் வைத்து, உயிருள்ள கிருமி எஞ்சியிருக்கிறதா என்று சோதித்து, முதலில் விலங்குகளுக்கும் பிறகு தங்கள் கைகளிலுமே ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகே குழந்தைகளிடம் வந்தார்கள். 1934 மார்ச்சில் களச் சோதனை தொடங்கியது. முதல் அறிக்கையில் 1,592 குழந்தைகளின் கணக்கு இருந்தது. ஊசி போட்ட 712 பேரில் நோய் வந்தது 4 பேருக்கு. போடாத 880 பேரில் 45 பேருக்கு. இவ்வளவு நல்ல முடிவை யாரும் எளிதில் நம்பவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற நோய்ப்பரவல் அறிஞர் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் நேரில் வந்து கணக்கைக் கிளறினார். ஒப்பீட்டுக் குழுவை இன்னும் சரியாக அமைக்கச் சொன்னார். அவர் சொன்னபடி பெரிய அளவில் மறுபடி செய்தார்கள். நான்காயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தோடு 1939இல் முழு அறிக்கை வெளிவந்தது. முடிவு மாறவில்லை.

நடுவில் பணம் தீர்ந்தபோது கென்ட்ரிக் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டை ஆய்வகத்துக்கு அழைத்தார். 1936இல் அவர் வந்து பல மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போனார். அதன்பின் உதவிக்கு ஆள் வைக்கப் பணம் கிடைத்தது. 1940இல் மிச்சிகன் மாநிலம் இந்த ஊசியை விநியோகிக்கத் தொடங்கியது. 1940களில் லோனி கார்டன் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான தட்டுகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, வீரியமான கிருமி வகையைப் பிரித்தெடுத்துத் தந்தவர் அவர். அதே பத்தாண்டில் தொண்டை அடைப்பான், ரண ஜன்னி மருந்துகளோடு கக்குவான் மருந்தையும் ஒரே ஊசியில் சேர்த்தார்கள். நம் அம்மாக்கள் ‘முத்தடுப்பு ஊசி’ என்று சொன்ன டிபிடி அப்படித்தான் வந்தது. 1934இல் அமெரிக்காவில் பதிவான கக்குவான் நோயாளிகள் சுமார் 2,65,000. 1976இல் 1,010.

இன்னொன்றும் அந்த ஆய்வகத்தில்தான் நடந்தது. கொல்லப்பட்ட கிருமியில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று அளப்பது எப்படி? ஊசி போட்ட எலிகளின் மூளைக்குள் இரண்டு வாரம் கழித்து உயிருள்ள கிருமியைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணும் முறையை 1947இல் கென்ட்ரிக் குழு வெளியிட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மார்கரெட் பிட்மன் அதைத் தர அளவுகோலாக நிலைநிறுத்தினார். பிரிட்டனில் பத்தாண்டு நடந்த களச் சோதனைகளில், எலிகளைக் காப்பாற்றிய ஊசியே குழந்தைகளையும் காப்பாற்றுகிறது என்று உறுதியானது. ஒவ்வொரு தொகுப்பையும் விடுவிக்கப் பல வாரம் பிடிப்பதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம். தடுப்பூசித் தொழிற்சாலையை நினைத்த மாத்திரத்தில் மூடித் திறக்க முடியாது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முழுக் கிருமியைக் கொன்று செய்யும் மருந்து என்பதால் இதில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் கலந்திருக்கின்றன. உடம்பு சூடாகும், போட்ட இடம் வீங்கும், குழந்தை மணிக்கணக்கில் அழும், அபூர்வமாகக் காய்ச்சலோடு வலிப்பு வரும். இவை உண்மை. யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1974இல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், ஊசிக்குப் பிறகு மூளை பாதிக்கப்பட்டதாக 36 குழந்தைகளைப் பற்றி எழுதியதும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் கொந்தளித்தன. பத்தில் எட்டுக் குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்ட நாட்டில் சில ஆண்டுகளுக்குள் அது மூன்றாகச் சரிந்தது. 1970களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கக்குவான் பிடித்தது. ஜப்பானில் நடந்தது இன்னும் துலக்கமான பாடம். ஊசிக்குப் பின் இரண்டு சிசுக்கள் இறந்ததால் 1975இல் அங்கே தடுப்பூசி நிறுத்தப்பட்டது. 1974இல் அந்த நாடு முழுதும் 393 நோயாளிகள், கக்குவானால் ஒரு சாவும் இல்லை. 1979இல் சுமார் 13,000 நோயாளிகள், 41 சாவுகள்.

அந்த மூளைப் பாதிப்புக்கு ஊசிதான் காரணமா? 1988இல் லண்டன் உயர் நீதிமன்றம், ஆதாரங்களை மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு, நிரூபணமாகவில்லை என்றது. 2006இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சாமுவேல் பெர்கோவிக் குழு, தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாக நம்பப்பட்ட 14 பேரின் மரபணுக்களைப் பார்த்தது. 11 பேரிடம் ஒரே மரபணுவில் பிழை இருந்தது. டிராவே எனும் கடுமையான வலிப்பு நோயைத் தரும் பிழை அது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் குழந்தைகளுக்கு நோய் வந்தே இருக்கும். முப்பது ஆண்டு குற்ற உணர்வைச் சுமந்த பெற்றோருக்கு அந்த விடை எவ்வளவு தாமதமாக வந்தது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஜப்பானின் துயரத்திலிருந்து ஒரு புதிய ஊசியும் பிறந்தது. யூஜி சாட்டோ என்ற விஞ்ஞானி முழுக் கிருமியை விட்டுவிட்டு, அதன் நச்சையும் ஒட்டும் புரதத்தையும் மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து மருந்தாக்கினார். 1981 முதல் ஜப்பான் அதைப் பயன்படுத்தியது. 1990களில் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் அதற்கு மாறின. காய்ச்சல் குறைவு, வீக்கம் குறைவு. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் ‘வலியில்லா ஊசி’ என்று கூடுதல் விலைக்குக் கிடைப்பது இதுதான். ஆனால் அதன் காப்பு சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் மீண்டும் பரவிப் பத்துச் சிசுக்கள் இறந்தன. 2013இல் அமெரிக்காவில் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. புதிய ஊசி போட்ட குரங்குக்கு நோய் வராது, ஆனால் கிருமி அதன் தொண்டையில் வாரக்கணக்கில் தங்கி மற்றக் குரங்குகளுக்குப் பரவும். பழைய ஊசி போட்ட குரங்கு கிருமியை வேகமாகத் துடைத்துவிடும்.

இந்தியா பழைய ஊசியை விடவில்லை. ஏழை நாடு, விலை கட்டுப்படியாகாது என்பதுதான் முதல் காரணம். ஆனால் இன்று பார்த்தால் அது நல்ல முடிவாகவே படுகிறது. நம் பிள்ளைக்கு ஒரு ராத்திரி அடிக்கும் காய்ச்சல், நீண்ட காலக் காப்புக்குக் கொடுக்கும் சிறிய விலை. தனியாரில் வலியில்லா ஊசி போட்டுக்கொள்வதில் தவறில்லை. அரசு ஊசி மட்டமானது என்று நினைத்துக்கொண்டு அங்கே போகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

1978இல் தொடங்கி, 1985 நவம்பரில் விரிவாக்கப்பட்ட தேசியத் தடுப்பூசித் திட்டம் டிபிடியைக் குக்கிராமங்கள் வரை கொண்டுபோனது. 1987இல் இந்தியாவில் பதிவான கக்குவான் நோயாளிகள் சுமார் 1,63,000. 2010இல் சுமார் 40,500. அந்த மருந்தில் ஒரு பங்கு நம் நீலகிரியிலேயே தயாரானது. அந்த இடம் உருவானதற்கும் ஒரு மரணம்தான் காரணம். 1902இல் வெறிநாய் கடித்த ஆங்கிலேயப் பெண் ஒருவர், அப்போது இந்தியாவில் வைத்தியம் கிடைத்த ஒரே இடமான வடக்கே கசௌலிக்குப் போகும் முன்னரே இறந்துபோனார். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907 ஏப்ரலில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. வெறிநாய்க்கடி மருந்தில் தொடங்கி, பின்னாளில் டிபிடியும் தயாரித்தது. போர்டே கிருமியை வளர்த்த பிரஸ்ஸல்ஸ் நிறுவனமும், அதே கிருமியைக் கொன்று நம் பிள்ளைகளுக்கு மருந்தாக்கிய குன்னூர் நிறுவனமும் பாஸ்டரின் பெயரையே தாங்குகின்றன.

2008 ஜனவரியில் அந்த வேலை நின்றது. நவீன உற்பத்தி விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று சொல்லி மத்திய அரசு குன்னூர், கசௌலி, கிண்டி பிசிஜி ஆய்வகம் என மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தையும் ஒரே மூச்சில் நிறுத்திவைத்தது. தர விதிகள் தேவைதான். ஆனால் பழைய கூரையைச் சரிசெய்ய வீட்டையே காலி செய்யச் சொன்ன கதையாகிவிட்டது. எலிச் சோதனை முதல் குளிர்ச் சேமிப்பு வரை கைப்பழக்கம் கொண்ட ஊழியர்கள் வேலையின்றி உட்கார்ந்தார்கள். நாட்டின் தேவைக்குத் தனியாரையே நம்ப வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, ஜாவித் சௌத்ரி தலைமையில் குழு அமைந்தது. 2010இல் தடை நீங்கியது. நின்றுபோன உற்பத்தி அன்றே துளிர்த்துவிடுமா? ஆண்டுகள் ஓடின. இதற்கிடையில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாக ஐந்து நோய்த் தடுப்பூசி அரசுத் திட்டத்துக்குள் வந்தது. முத்தடுப்பின் இடத்தைச் சிசுப் பருவத்தில் பென்டா பிடித்தது.

அந்த மூன்று நிறுவனங்களையும் நிறுத்தியதால் விழுந்த பள்ளத்தை நிரப்பச் சொன்ன திட்டம்தான் நம் ஊருக்கு வந்தது. மாமல்லபுரம் அமைந்திருக்கும் அதே திருக்கழுக்குன்றம் தாலுகாவில், செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்தில் சுமார் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012இல் அதற்காக எச்எல்எல் பயோடெக் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. மத்திய அமைச்சரவை 594 கோடி ரூபாய் ஒதுக்கியது. பென்டா, பிசிஜி, தட்டம்மை, வெறிநாய்க்கடி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனப் பலவகைத் தடுப்பூசிகள், ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் என்பது திட்டம். கட்டடங்கள் எழுந்தன, இயந்திரங்கள் வந்தன, செலவு ஒதுக்கியதைத் தாண்டியது. கோவிட் தடுப்பூசிக்கு நாடே தவித்த 2021 மே மாதத்திலும் வளாகம் முழு அளவில் இயங்கவில்லை. தனியார் கூட்டாளிகளைத் தேடி விடப்பட்ட அழைப்புக்கு ஆள் வரவில்லை. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த மாவட்டத்துக்குத் தடுப்பு மருந்து அயலான பொருள் இல்லை. காசநோய்க்கான பிசிஜி ஊசி பயன் தருமா என்று அறிய 1968இல் தொடங்கிய மாபெரும் சோதனை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் கையை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான, ஆனால் உலகம் முழுதும் பயன்பட்ட உண்மை இந்த ஊர்களின் உடம்பிலிருந்து கிடைத்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் போகிறது. சோதனைக்கு உடம்பையும் மருந்துக்கு நஞ்சையும் கொடுத்த மண்ணுக்கு, மருந்தைத் தயாரிக்கும் வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். திருமணி வளாகத்தை மத்திய அரசே நடத்தட்டும், இல்லையென்றால் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்கட்டும். சம்பளத்துக்குப் பார்த்த வேலைக்குப் பிறகு மாலை நேரத்தில் இரண்டு பெண்கள் சாதித்ததை, நூறு ஏக்கரும் நூற்றுக்கணக்கான கோடியும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கென்ட்ரிக் 1980இலும் எல்டரிங் 1988இலும் இறந்தார்கள். அவர்களை உலகம் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் மூன்று ஊசிகளையும் நாள் தவறாமல் போடுங்கள். கக்குவான் கொல்வது இந்த மாதங்களில்தான், ஒரு வாரம் தள்ளிப்போவதுகூடப் பெரிது. சளி, லேசான இருமல் இருப்பதால் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் ஊசிக்கு முந்தைய ஆறு வாரம் பிள்ளைக்குச் சொந்தக் காப்பு எதுவும் கிடையாது. அப்போது வீட்டில் யாருக்கு இருமல் இருந்தாலும், தாத்தா பாட்டியாகவே இருந்தாலும், குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். பெரியவர்களுக்கு வெறும் இருமலாக வந்துபோவதே சிசுவுக்குக் கக்குவானாகச் சேர்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும் என்று பிரிட்டன் 2012 முதல் கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் ஊசி போடுகிறது. நம் அரசு அட்டவணையில் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியில் அது இன்னும் சேரவில்லை. சேர்க்க வேண்டும். அதுவரை வசதியுள்ளவர்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பலர் விட்டுவிடுவது ஊக்க ஊசிகளைத்தான். 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு டிபிடி, ஐந்து ஆறு வயதில் இன்னொன்று. பிள்ளை ஓடியாடத் தொடங்கிய பிறகு அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. அதை எடுத்துப் பாருங்கள், அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். ஏழு வயது முடியும்வரை டிபிடி போடலாம், அரசு சுகாதார நிலையங்களில் கட்டணம் கிடையாது.